இணைப்பு பதினான்கு: தந்தையின் கடிதம்

பந்தர் அன்சலி,
மெஹர் 9, 1402

அன்பு மகள் ஃபரானக் ஜானுக்கு,

நீ போனை வைத்து இன்றோடு பதினோரு நாள். முதல் மூன்று நாள் நீயே கூப்பிடுவாய் என்று இருந்தேன். நான்காம் நாள் நான் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. தெஹ்ரான் பல் மருத்துவர்களில் பாதிப் பேருக்குச் செயற்கைப் பல் உன் பட்டறையிலிருந்துதான் போகிறது. வேலை மும்முரமாக இருந்திருக்கும், மறுபடி கூப்பிட்டால் தொந்தரவு என்று விட்டுவிட்டேன். எழுதுவதுதான் எனக்குத் தோது. போனில் நீ "சொல்லுங்க பாபா" என்றதும், சொல்ல வந்தது மறந்துபோய், இங்கே மழை என்று சொல்லிவிடுகிறேன்.

நீ அன்று சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன். முப்பத்தொரு வருடம் வானிலை நிலையத்தில் இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. "கனடா விசா இல்லைன்னுட்டாங்க பாபா. ஏன் தெரியுமா? நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தீங்களே, அதனால. உங்களுக்கு நான் வேண்டாமாம். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க." அவ்வளவுதான் சொன்னாய்.

அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. எடுத்து மீண்டும் படித்தேன். நான்கு பக்கம், மூன்று முறை திருத்தியது. உன்னை வருத்தியது முதல் பக்கத்தின் இந்தப் பகுதியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்: "இந்த எளியவனுக்கு வயது எழுபத்து மூன்று. உடல்நலம் நன்று. எவருடைய உதவியும் தேவைப்படவில்லை. என் மகள் என்னைப் பற்றிய கவலையோ கடமையோ இன்றித் தன் தொழிலைக் கவனிக்கலாம். அவள் வந்து பார்க்காவிட்டாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை."

இதில் எது பிழை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு அவள் வேண்டும் என்று ஓர் அந்நிய அரசாங்கத்துக்கு நான் எழுதினால், அது உன் காலைப் பிடித்து இழுப்பது ஆகாதா? ஆனால் என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம். அப்பா ஊரில் இருக்கிறார் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றுதான் நீ கேட்டாய். எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் குற்றம்.

அதிகாரி எழுதியதை வரிக்கு வரி எனக்கு அனுப்ப முடியுமா? தொந்தரவு இல்லையென்றால் மட்டும்.

உன் பாபா,
கியூமர்ஸ்

*

தெஹ்ரான்,
மெஹர் 18

பாபா,

தொந்தரவு இல்லை. இதோ அதிகாரியின் குறிப்பு, வரிக்கு வரி:

"விண்ணப்பதாரர் மணவிலக்குப் பெற்றவர். குழந்தைகள் இல்லை. தாய் காலமாகிவிட்டார். தாயகத்தில் உள்ள ஒரே நெருங்கிய உறவு தந்தை. அவர் தம் மகளுக்குத் தம்மிடம் கடமை ஏதும் இல்லை என்றும், மகள் வந்து பார்க்காவிட்டாலும் தமக்குக் குறையில்லை என்றும் எழுதியுள்ளார் (இணைப்பு 14). வலுவான குடும்பப் பிணைப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அனுமதிக் காலம் முடிந்ததும் இவர் நாட்டைவிட்டு வெளியேறுவார் என்ற நம்பிக்கை எனக்கு ஏற்படவில்லை. நிராகரிக்கப்படுகிறது."

தொழில் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. ஹாலிஃபாக்ஸ் நகரத்து டங்கன் தன் பல் பட்டறையில் பாதியை எனக்குத் தரும் ஒப்பந்தம், என் இருபது வருட அனுபவம், இயந்திரப் பட்டியல், எல்லாம் சரியாம். தொழில் உரிமையாளராக இரண்டு வருடம் அங்கே இருக்க எனக்குத் தகுதி உண்டாம். திரும்பி வரத்தான் எனக்குக் காரணம் இல்லையாம்.

இதற்கு மேல்முறையீடு கிடையாது. அங்குள்ள நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கேட்கலாம், அறுபது நாளுக்குள். டொரொன்டோவில் ஸமானி என்று ஒரு வக்கீல், தப்ரீஸ்காரர், எடுத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம், "எங்க அப்பாகிட்ட வேற லெட்டர் வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டேன். சிரித்தார். "அம்மா, இப்ப உங்க அப்பா தங்கத் தகட்டுல எழுதிக் குடுத்தாலும் ஜட்ஜ் தொடமாட்டார். அதிகாரி மேசையில அன்னைக்கு என்ன இருந்துச்சோ அது மட்டும்தான். அதைப் படிச்சுட்டு அவர் சொன்ன காரணம் நிக்குமா நிக்காதா, அவ்வளவுதான் கேள்வி."

ஆக, நம்மிடம் இருப்பது அந்த நான்கு பக்கம்தான். அதை வைத்தே வாதாட வேண்டும்.

டங்கனுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. அடுத்த கோடை வரை காத்திருப்பதாகச் சொல்கிறார். எனக்கு நாற்பத்து நான்கு, பாபா. இங்கே பல் செய்யும் பீங்கான் கட்டி வருவதற்கே மாதக்கணக்கில் காத்திருக்கிறேன். வந்தால் தரம் இருப்பதில்லை. ஒரு முறையாவது ஒழுங்கான பொருளை வைத்து வேலை செய்து பார்க்க வேண்டும். அது பெரிய ஆசையா?

அம்மாவின் நாற்பதாம் நாள் முடிந்து நான் கிளம்பும்போது, "நான் இங்க இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமா?" என்று கேட்டேன். "எதுக்கு? போ, வேலையைப் பாரு, நான் நல்லா இருக்கேன்" என்றீர்கள். அதே வாக்கியம்தான், பாபா. அந்த அதிகாரியும் என்னைப் போலவே அதை நம்பிவிட்டார்.

ஃபரானக்

*

பந்தர் அன்சலி,
ஆபான் 4

ஃபரானக் ஜானுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடைசிப் பத்தியை மட்டும் ஒரு முறைதான்.

ஸமானி சொன்னது ஒரு விதத்தில் நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நிலையத்தில் எங்கள் பதிவேட்டைச் சோதிக்க ரஷ்த்திலிருந்து ஒருவர் வருவார். அன்று உண்மையில் மழை பெய்ததா என்று அவர் கேட்கமாட்டார். மழைமானியில் பார்த்த அளவும் ஏட்டில் எழுதிய அளவும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்ப்பார். உன் வழக்கை நான் இப்படிப் புரிந்துகொண்டது சரியா? தவறென்றால் திருத்து.

அடுத்த வீட்டு எஷ்ரத் ஹானும் ஒரு கிண்ணம் பூண்டு ஊறுகாய் கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன். அவள் வாசலிலேயே நின்றுகொண்டு கத்தினாள்:

"ஐயையோ கியூமர்ஸ் கான்! பொண்ணு போயிட்டு வரட்டும்னு எழுதச் சொன்னா, போய்த் தொலையட்டும்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே!"

"அப்படி இல்ல ஹானும், மரியாதைக்குத்தான்..."

"மரியாதையை எல்லாம் மடிச்சு உள்ள வைங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? சாப்பிட்டீங்களான்னு ஒரு தடவை கேட்டா ஆச்சும்பீங்க. ரெண்டாம் தடவை கேட்டா பசியில்லம்பீங்க. மூணாம் தடவைதான் தட்டை நீட்டுவீங்க. அந்த வெளிநாட்டுக்காரன் பாவம், ஒரே தடவைதானே கேட்டான்!"

சிரித்தேன். அவள் போன பிறகு அவள் சொன்னது சரி என்று பட்டது. நம் ஊரில் எவரும் முதல் பதிலைப் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே முதல் பதிலே கடைசிப் பதில் போலும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்தவன்.

அம்மாவின் நாற்பதாம் நாளைப் பற்றி ஒன்று சொல்ல நினைத்தேன். பிறகு எழுதுகிறேன். இங்கே நான்கு நாளாக விடாத மழை.

உன் பாபா

*

தெஹ்ரான்,
பஹ்மன் 21

பாபா,

முதலில் நல்ல செய்தி. நீதிபதி கோப்பைப் பார்த்துவிட்டு, இது விசாரிக்கத் தகுந்த வழக்கு என்று அனுமதி தந்துவிட்டார். அந்தப் படியிலேயே முக்கால்வாசி வழக்குகள் விழுந்துவிடுமாம். புது வருடம் பிறந்து இரண்டாம் மாதம், ஒர்திபெஹெஷ்த்தில், விசாரணை. ஸமானி போனில் துள்ளினார்.

இப்போது மற்றது. உங்கள் போன இரண்டு கடிதமும் தட்டச்சில் வந்தன. "வயதாகிறது, கை நடுங்குகிறது, நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள தட்டச்சுக் கடையில் கொடுத்தேன்" என்று எழுதியிருந்தீர்கள். மின்கட்டண ரசீதைக்கூடக் கையால் நகல் எடுத்து வைத்துக்கொள்பவர் நீங்கள். தட்டச்சுக் கடைக்காரனிடம் மகளுக்குக் கடிதம் சொல்லி எழுதுவீர்களா? எஷ்ரத் ஹானுமைக் கூப்பிட்டேன்.

"உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்னை குர்ஆன் மேல சத்தியம் பண்ணச் சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். வலது மணிக்கட்டு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்கு. குளியலறையில வழுக்கி விழுந்துட்டாரு. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பொத்தான் போட முடியாம ஒரு மாசமா ஒரே ஸ்வெட்டரோட திரியறாரு."

ஒரு மாதம், பாபா! அந்த மாதத்தில் நான் இரண்டு முறை வருகிறேன் என்றேன். "பனியில மலைப்பாதை சரியில்ல, வராதே" என்றீர்கள் இரண்டு முறையும்.

உங்களுக்கு ஒன்று தெரியுமா? அந்த நான்கு பக்கத்தை அனுப்பும் முன் நானும் படித்தேன். நானே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "அப்பா அழகா எழுதியிருக்காரு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு தவறும் தெரியவில்லை. உங்கள் மேல் கத்திய பிறகுதான் எனக்கு இது உறைத்தது. ஒப்புக்கொள்ள இவ்வளவு நாளாகிவிட்டது.

வியாழக்கிழமை வருகிறேன். வராதே என்று தந்தி அடித்தாலும் வருவேன்.

ஃபரானக்

*

பந்தர் அன்சலி,
எஸ்ஃபந்த் 8

ஃபரானக் ஜானுக்கு,

நீ வந்துபோனதற்கு நன்றி. நான்கு நாள் பட்டறையை மூடிவிட்டு வந்திருக்க வேண்டாம். நீ வைத்துவிட்டுப் போன பாகலா பயற்றுக் குழம்பு ஐந்து வேளைக்கு வந்தது. கட்டுப் பிரித்தாகிவிட்டது, இது என் கையெழுத்துத்தான், சாய்ந்திருப்பதைப் பொருட்படுத்தாதே.

விழுந்ததைப் பற்றி நீ இவ்வளவு கேட்கத் தேவையில்லை. அது ஒரு சிறு வழுக்கல். உடனே எழுந்துவிட்டேன். எஷ்ரத் ஹானுமுக்கு எதையும் பெரிதாக்கிச் சொல்லும் சுபாவம்.

விசாரணை நாளை நாள்காட்டியில் குறித்துவிட்டேன். ஹாலிஃபாக்ஸின் தட்பவெப்பப் பதிவுகளை ஒரு பழைய சகா மூலம் வாங்கிப் பார்த்தேன். மழையளவு நம் ஊருக்குக் கொஞ்சம் குறைவு. மூடுபனி நாட்கள் அதிகம். குளிர்காலக் காற்று வடமேற்கிலிருந்து. நீ போனால் வீட்டின் வாசல் தெற்கு நோக்கி இருக்கும்படிப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒருவேளை இதெல்லாம் உனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

அடுத்த மாதம் புது வருடத்துக்கு நீ வர வேண்டியதில்லை; வழக்கு வேலை இருக்கும். வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எப்படி முடிப்பது என்று தெரிந்ததால் நிறுத்திவிட்டேன்.)

உன் பாபா

*

தெஹ்ரான்,
கொர்தாத் 6, 1403

பாபா,

ஜெயித்துவிட்டோம். போனில் சொன்னபோது "நல்லது, நல்லது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டீர்கள். அதனால் முழுதாக எழுதுகிறேன்.

விசாரணையைக் கணினித் திரையில் பார்த்தேன். நீதிபதி நரைத்த தலைமுடியுள்ள ஒரு பெண்மணி. அரசாங்க வக்கீல் முதலில் உங்கள் வாக்கியத்தைப் படித்தார். "அவள் வந்து பார்க்காவிட்டாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை." ஆங்கிலத்தில் அது கல்லை எறிவது போல இருந்தது.

அப்புறம் ஸமானி எழுந்தார். "நான்காம் பக்கத்தைப் பார்க்க வேண்டுகிறேன்" என்றார்.

நான்காம் பக்கம் ஞாபகம் இருக்கிறதா? "என் மகள் கடமை தவறாதவள் என்பதற்குச் சான்றாக" என்று தலைப்பிட்டு நீங்கள் ஒரு பட்டியல் வைத்திருந்தீர்கள். மூன்று வருடத்தில் நான் அன்சலிக்கு வந்த நாட்கள். எழுபத்தொன்று. வந்த நேரம், புறப்பட்ட நேரம், அன்றைய வானிலை. நான் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. பாபாவின் வழக்கமான அட்டவணை என்று தள்ளிவிட்டேன். அதிகாரியும் அப்படித்தான் தள்ளியிருக்கிறார்.

நீதிபதி அதை நிதானமாகப் படித்தார். ஒரு இடத்தில் சிரித்தார். "மழை, மழை, தூறல், மழை" என்று இருந்ததாம். பிறகு அரசாங்க வக்கீலிடம் கேட்டது, வேகமான ஆங்கிலம் பிடிபடாமல் ஸமானியிடம் கேட்டுக்கொண்டபடி: "இருநூறு மைல் தள்ளி இருந்து மூணு வருஷத்துல எழுபத்தோரு தடவை வந்திருக்காங்க. இவங்களுக்குப் பிணைப்பு இல்லைன்னு சொல்ல அதிகாரிக்கு உரிமை இருக்கலாம். ஆனா இந்தப் பக்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை எழுத வேண்டாமா? பார்த்தாரா, பார்க்கலையா?"

தீர்ப்பு மூன்று வாரம் கழித்து வந்தது. அதிகாரியின் முடிவு ரத்து. ஆனால், பாபா, இது விசா அல்ல. நீதிபதி விசா தரமாட்டார். வேறோர் அதிகாரி முதலிலிருந்து பார்ப்பார். அவரும் இல்லை என்று சொல்லலாம். இந்த முறை புதிய தாள்கள் சேர்க்கலாமாம். "அப்பாகிட்ட புது லெட்டர் வேணும். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்க. உபசாரம் வேண்டாம்" என்கிறார் ஸமானி.

நேற்று அந்தப் பட்டியலை உட்கார்ந்து படித்தேன். வந்த நேரத்தை "காலை 11 அளவில்" என்று எழுதியிருக்கிறீர்கள். புறப்பட்ட நேரம் மட்டும் எல்லாமே நிமிடக் கணக்கு. 4.10. 3.52. 5.07.

எழுதிக் கொடுங்கள், பாபா.

ஃபரானக்

*

பந்தர் அன்சலி,
கொர்தாத் 22

ஃபரானக் ஜானுக்கு,

இரண்டு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு தாள் கிழித்தாகிவிட்டது. எனக்கு வராத வேலை இது.

சிக்கல் என்னவென்று முறையாகச் சொல்லிப் பார்க்கிறேன். எனக்கு நீ வேண்டும் என்று நான் நன்றாக நிரூபித்தால் உனக்கு விசா கிடைக்கும், நீ போய்விடுவாய். நிரூபிக்காவிட்டால் கிடைக்காது, நீ இருப்பாய். எந்தப் பக்கம் எழுதினாலும் என் கை சந்தேகத்துக்கு உரியது. நான் சுமாராக எழுதினால், வேண்டுமென்றே சுமாராக எழுதினேனோ என்று பிற்பாடு எனக்கே தோன்றும். போன முறை அப்படித்தான் எழுதினேனா என்றும் யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. நீ திரும்பி வருவாயா என்பது அதிகாரியின் சந்தேகம். அவர் அதை எழுத்தில் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஆகவே ஒரு நிபந்தனை. நான் உண்மையை எழுதுகிறேன். ஆனால் உறையை ஒட்டி நேராக மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புவேன். அவர் ஸமானிக்கு அனுப்பட்டும். நீ படிக்கக் கூடாது. படித்தால் உனக்குப் போக மனம் வராது; அல்லது போவாய், அங்கே நிம்மதியாக இருக்கமாட்டாய். ஓர் அந்நியரிடம் சொல்ல முடிகிறது. உன்னிடம் முடியாது. இதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உன் பாபா

*

தெஹ்ரான்,
தீர் 2

பாபா,

சரி. படிக்கமாட்டேன்.

மொழிபெயர்ப்பாளரின் முகவரி பின்பக்கம். மணிக்கட்டு வலித்தால் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுங்கள்.

ஃபரானக்

*

தெஹ்ரான்,
தீர் 30

பாபா,

வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. ஸமானி ஆங்கிலத் தாளை எனக்கே திருப்பி அனுப்பிவிட்டார். விண்ணப்பத்தில் சேரும் ஒவ்வொரு பக்கத்திலும் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். "படிக்காம கையெழுத்துப் போடறேன்" என்றேன். "சரியா பார்க்காம போட்டதாலதானே அம்மா போன தடவை இந்த வினை? எது உள்ள போகுதுன்னு தெரிஞ்சுட்டுத்தான் போடணும்" என்றார்.

அதனால் உங்களை நான் ஆங்கிலத்தில் படித்தேன். உங்கள் சொற்கள் என்னவென்று எனக்குத் தெரியாது. அந்நிய மொழியில் இப்படி இருந்தது:

குளிர்காலத்தில் விழுந்த நாளில் காலை ஒன்பதே காலிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை குளியலறைத் தரையில் கிடந்தீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எஷ்ரத் ஹானுமின் வானொலி கேட்டது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். உடுத்தியிராத நிலையில் ஓர் அயல் பெண்ணைக் கூப்பிட வெட்கமாக இருந்ததால் கூப்பிடவில்லை. துண்டைக் காலால் இழுத்து எடுக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆனது. அதன் பிறகு கூப்பிட்டீர்கள்.

நான் வராத வியாழக்கிழமையும் இரண்டு பேருக்கு அரிசி போடுகிறீர்கள். அளவு மறந்துபோய் அல்ல.

நான் கிளம்பியதும் வீட்டில் ஓசைகள் அடங்கும் வரிசை உங்களுக்கு மனப்பாடம்: கதவு, படிகள், வாடகைக் காரின் கதவு, பாலத்தின் மேல் அந்தக் கார். அந்தக் கடைசி ஓசை ஓய்ந்ததும் நேரத்தைக் குறிக்கிறீர்கள். பட்டியலில் இருந்தது நான் புறப்பட்ட நேரம் இல்லை. என் ஓசை நின்ற நேரம்.

அம்மாவின் நாற்பதாம் நாள், நான் இருக்கட்டுமா என்று கேட்டபோது இரண்டாம் முறை கேட்பேன் என்று காத்திருந்தீர்கள்.

கடைசிப் பத்தியை மட்டும் அப்படியே தருகிறேன். "என் மகள் திரும்பி வருவாள் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. நாளைய நாளைப் பற்றி எவரும் சான்று தர முடியாது. நான் வானிலைத் துறையில் இருந்தவன். அவள் வரும்வரை நான் எதிர்பார்த்திருப்பேன் என்பதற்கு மட்டும் என்னால் சான்று தர முடியும். அதை ஒரு பிணைப்பாக ஏற்பதா என்பது தங்கள் முடிவு."

படித்துவிட்டுப் பட்டறையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வேலை செய்யும் பெண்கள் எனக்குத் தேநீர் வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு ஸமானியைக் கூப்பிட்டு, இதை அனுப்ப வேண்டாம் என்றேன். "வேண்டாம்னா வேண்டாம். ஆனா இது இல்லாம அது மறுபடி விழும். அப்பா இதை எழுத எத்தனை நாள் எடுத்தாருன்னு நெனைச்சுப் பாருங்க" என்றார். இரண்டு நாள் யோசித்தேன். கையெழுத்துப் போட்டேன். அனுப்பிவிட்டேன். இதற்காக நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன்.

நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில்: தெரியவில்லை, பாபா. இரண்டு வருடம் என்று எழுதியபோது அது உண்மை என்று நம்பித்தான் எழுதினேன். இப்போதும் நம்புகிறேன். உங்களைப் போலவே, அதற்கு மேல் என்னிடம் சான்று இல்லை.

ஃபரானக்

*

பந்தர் அன்சலி,
ஷஹ்ரிவர் 20

ஃபரானக் ஜானுக்கு,

விசா வந்துவிட்டது என்று நேற்று நீ போனில் சொன்னபோது நான் "நல்லது, நல்லது" என்று மட்டும் சொன்னேன். இப்போது முழுதாக எழுதுகிறேன். உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். டங்கன் பொறுமைசாலி; அவரிடம் மரியாதையாக இரு. வேலையில் நீ யாருக்கும் குறைந்தவள் இல்லை.

இந்தக் கடிதத்தை வேறு விதமாகத்தான் தொடங்கினேன். அதிகாரிக்காகக் கொஞ்சம் மிகைப்படுத்தி எழுதினேன், நீ அதையெல்லாம் நம்பாதே, நான் நல்லபடியாக இருக்கிறேன் என்று ஒரு பக்கம் எழுதி முடித்தும்விட்டேன். நன்றாகவே வந்திருந்தது. எஷ்ரத் ஹானுமிடம் படித்துக் காட்டினேன். அவள் தாளை வாங்கி, அதில் நான்கு வெள்ளை மீன் துண்டைச் சுற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். ஆகவே அந்தக் கடிதம் இல்லை.

அதிகாரிக்கு எழுதியது எல்லாம் உண்மை. நீ போக வேண்டும் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நாளில் உண்மையாக இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளாகிவிட்டது.

போகும் முன் பத்து நாள் இங்கே வந்து இரு. நான் கேட்கிறேன். வேலை இருந்தால் என்றோ, முடிந்தால் என்றோ எழுதவில்லை, கவனித்தாயா? வந்து இரு.

அங்கே போன பிறகு போனில் என்னை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதே. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. எத்தனை முறை கேட்டாலும் அதுதான் வரும், மாற்றிக்கொள்ளும் வயது தாண்டிவிட்டது. இன்று யாரோடு பேசினீர்கள் என்று கேள். என்ன பேசினீர்கள் என்று கேள். நடந்ததைப் பற்றிக் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது.

நீ கேட்பதற்கு முன்பே ஒரு முறை பழகிப் பார்க்கிறேன். இன்று செவ்வாய்க்கிழமை, மாலை நான்கரை மணி. இதுவரை யாரோடும் பேசவில்லை.

உன் பாபா,
கியூமர்ஸ்